பிள்ளைக்கு நிஜமான வேலை கொடுங்கள்: ஒரு கண்டக்டர் வீட்டுக் கணக்கு

போன வருஷம் ஆனி மாதம். சீட்டுப் பணம் வசூலிக்கிற அண்ணாச்சி போன் செய்தார். கையில் பணம் இல்லை. வீட்டுத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே, "டூட்டியில இருக்கேன் அண்ணாச்சி, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே அண்ணாச்சி நேரில் வந்தார். நான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருக்கிறேன். இவன் வாசலுக்குப் போய், "அப்பா டூட்டிக்குப் போயிட்டாங்க மாமா" என்று சொல்லி அனுப்பிவிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. இத்தனைக்கும் அன்றைக்கு என்னிடம் பணம் தயாராக இருந்தது.

ஈரத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு பையனையும் இழுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினேன். பணத்தைக் கொடுத்தேன். அவனுக்கு முன்னாலேயே, "போன வாரம் வீட்டுலதான் இருந்தேன் அண்ணாச்சி, பொய் சொல்லிட்டேன்" என்றேன். "அது எனக்கு அப்பவே தெரியும்லா" என்று அவர் சிரித்தார். பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூர். அரசு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் வீடு. அம்மா (பிள்ளைகளுக்கு ஆச்சி), மனைவி, எட்டாவது படிக்கிற பெரியவன், நாலாவது படிக்கிற சின்னவள், ஆக மொத்தம் ஐந்து பேர். பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கி, பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொன்னதெல்லாம் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. தூங்கிவிடுவார்கள், இல்லையென்றால் நான் தூங்கிவிடுவேன். எடுபட்டது வேறு வழி. அதைத்தான், தப்பிப் போனதையும் சேர்த்து, எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பாருங்கள்

பிள்ளைகளுக்கு வீட்டு வேலை பழக்க வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆனால் நாம் கொடுப்பது பெரும்பாலும் பொய் வேலை. பிள்ளை பெருக்கின இடத்தை அம்மா மறுபடி பெருக்குவாள். பிள்ளை மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடிப்பாள். தான் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான் என்பது பிள்ளைக்கு இரண்டே நாளில் புரிந்துவிடும். அப்புறம் என்ன பொறுப்பு வரும்?

ஒரு வேலையை ஒப்படைப்பதற்கு முன்னால் நான் ஒன்றைத்தான் யோசிப்பேன். இதை இந்தப் பிள்ளை செய்யாமல் விட்டால் வீட்டில் யாருக்காவது முட்டுப்பாடு வருமா? வரும் என்றால் கொடுக்கலாம்.

எங்கள் தெருவில் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணி வாக்கில் வரும், ஒரு மணி நேரம் ஓடும். குழாயில் ஓஸைச் சொருகிக் குடங்களை நிரப்புவது சின்னவள் வேலை. தூக்க வேண்டியதில்லை, மாற்றி மாற்றி வைத்தால் போதும். ஒரு மாதம் ஒழுங்காகப் பிடித்தாள். ஒருநாள் எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே டிவி முன்னால் போய்விட்டாள். மணி ஏழு. தண்ணீர் நின்றுவிட்டது.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் கெடுப்போம். ஒன்று, ஆறரை மணிக்கே "சரி, பிள்ளைதானே" என்று நாமே பிடித்து வைத்துவிடுவோம். இல்லையென்றால் அவள் பள்ளிக்கூடம் கிளம்புகிற வரைக்கும் திட்டித் தீர்ப்போம். அன்றைக்கு என் மனைவி இரண்டும் செய்யவில்லை. (செய்யவிடாமல் நான் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) சாப்பிட உட்கார்ந்தோம். தம்ளர் காலி. "ஆச்சி மாத்திர போடணுமே, தண்ணிக்கு என்ன செய்யலாம் தாயி?" என்று மட்டும் கேட்டாள். சின்னவள் கொஞ்ச நேரம் உம்மென்று இருந்தாள். அப்புறம் சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன கேட்டாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அரைக் குடம் தண்ணீரோடு வந்தாள். அடுத்த முறை எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது, அவர்கள் குழாயிலும் இவளே போய் ஓஸைச் சொருகியிருக்கிறாள். அதை நாங்கள் சொல்லவில்லை.

வயசுக்குத் தக்க வேலை என்று ஒரு கணக்கு உண்டு. நாலைந்து வயசில் தட்டு எடுத்துவைப்பது, உரித்த வெங்காயத் தோலை அள்ளுவது. ஏழெட்டில் பால் வாங்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. பத்துக்கு மேல் கடை. பன்னிரண்டு பதின்மூன்றில் அடுப்பு, அதுவும் நாம் பக்கத்தில் இருக்கும்போது. பெரியவன் இப்போது கரண்ட் மீட்டர் பார்க்கிறான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலே படிப்படியாக ரேட் ஏறும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நான் ஃபேனை அணைக்காமல் எழுந்தால் முறைக்கிறான்.

வேலை என்றதும் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா பீடி சுற்றியவள். இந்தப் பக்கத்தில் அது இல்லாத தெரு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா ஊறின இலையைத் தகடு வைத்து வெட்டுவாள், சுற்றின பீடிக்கு நான் தலை மடக்குவேன். இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போட்டு, கணக்கு முடியாமல் தூங்க முடியாது. அக்கா எட்டாவதோடு நின்றாள். "சின்ன வயசுல நாங்கெல்லாம் எப்படி உழைச்சோம் தெரியுமா" என்று இதைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சம்மதமில்லை. அது பண்பு இல்லை, பசி. பிள்ளையின் படிப்பையும் தூக்கத்தையும் விளையாட்டையும் தின்கிற வேலை எதுவும் நான் சொல்கிற கணக்கில் வராது. எங்கள் வீட்டில் எந்த வேலையும் அரைமணி நேரத்தைத் தாண்டுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தவிர.

கடைக்கு அனுப்பும்போது

சாமான் பட்டியலைப் பிள்ளையே எழுதட்டும். அம்மா சொல்லச் சொல்ல எழுதினால், வீட்டில் என்ன இருக்கிறது, எது தீர்ந்தது என்று அதற்குத் தெரியும். முன்கூட்டியே கடைக்குப் போன் செய்து, "பையன் வாரான், பாத்துக் குடுங்க" என்று சொல்லாதீர்கள். சில்லறையைக் கடையிலேயே நின்று எண்ணச் சொல்லுங்கள். குறைந்தால் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது, கூடினாலும் அப்படித்தான்.

பெரியவனுக்கு அப்போது பதினொரு வயசிருக்கும். கடையிலிருந்து வந்தவன் நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொண்டுவந்துவிட்டான். "அண்ணாச்சிதான் தப்பா எண்ணிட்டாங்க, நான் எடுக்கலல்லா" என்றான். நியாயம்தான், அவன் எடுக்கவில்லை. திருடுவது பாவம் என்று தொடங்கினால் அவன் காதில் விழாது. என் தொழிலில் நடப்பதைச் சொன்னேன்.

ராத்திரி டூட்டி முடிந்ததும் டெப்போவில் டிக்கெட் கணக்கும் பையில் இருக்கிற பணமும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கண்டக்டர் தன் கையிலிருந்துதான் போட்டுக் கட்ட வேண்டும். கூட்ட நேரத்தில் இருபது ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் நூறைக் கொடுத்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு நின்று நின்று எண்ணியிருக்கிறேன். "அண்ணாச்சி ராத்திரி கல்லாவ எண்ணும்போது நாப்பது ரூவா குறையும். யாரச் சந்தேகப்படுவாரு?" என்றேன். கடையில் பொட்டலம் கட்டுகிற பையன் இவனைவிட நாலைந்து வயசு மூத்தவன், தெருவில் இவனோடு பந்து விளையாடுகிறவன். பதில் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். நான் கூடப் போகவில்லை. கூடப் போயிருந்தால் அது என் நேர்மையாகிப் போயிருக்கும்.

கடைக்காரர் சந்தோஷத்தில் ஒரு கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. பயந்தது போலவே, அடுத்த வாரம் பால் வாங்கப் போன சின்னவள் மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிவிட்டு, கூடவில்லையே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பணத்தை மட்டுமில்லாமல் ஆளையும் மதிக்கப் பழக்கும் இடம் பஸ். லீவு நாளில் பெரியவன் என்னோடு ஒரு நடை வருவான். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் டிக்கெட் கிழித்துக் கொடுக்க வேண்டும். "காசு குடுக்காதவங்களுக்கு எதுக்குப்பா டிக்கெட்?" என்று கேட்டான். அவர்களும் கணக்கில் வருகிற பயணிகள்தான், பஸ் அவர்களுக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது என்றேன். அவனுக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. ஆனால் வயக்காட்டு வேலைக்குப் போகிற ஒரு ஆச்சி ஏறும்வரை நான் விசில் கொடுக்காமல் நின்றதையும், அவளிடம் "உக்காருங்க ஆச்சி" என்றதையும் வீட்டில் வந்து அவன் தங்கச்சியிடம் நடித்துக் காட்டினான். அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலில்தான் இருந்தேன், நல்லவேளை வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொதி

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி உண்டு, தேங்காய்ப் பாலில் வைக்கிற குழம்பு. வீட்டில் நாங்கள் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது வைப்போம். ஒரு ஆள் தனியாகச் செய்தால் முதுகு ஒடிந்துவிடும், நாலு பேர் சேர்ந்தால் விளையாட்டு. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள இதைவிடத் தோதான சமையலை நான் பார்த்ததில்லை.

ஐந்து பேருக்குப் பெரிய தேங்காய் ஒன்று, அரைக் கைப்பிடிக்கு மேலே சிறுபருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து வைக்க வேண்டும். பீன்ஸ் நார் உரிப்பதும் வெங்காயம் உரிப்பதும் சின்னவளும் ஆச்சியும். தேங்காய் துருவுவது நான். பிழிவது பெரியவன். மூன்று பால் எடுக்க வேண்டும், மூன்றும் தனித்தனி ஏனத்தில் (பாத்திரத்தில்). மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேகும். வெந்த பருப்பும் அரைத்த விழுதும் அதில் சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில்தான், அதுவும் தீயைக் குறைத்துவிட்டு. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் அடுப்பை விட்டு இறக்கின பிறகு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதி தண்ணீராக வந்தது. ருசி இருந்தது, கட்டி இல்லை. என் மனைவி தேங்காயைக் குறை சொன்னாள். ஆச்சி இளம் தேங்காய் என்றாள். நான் துருவியதே சரியில்லை என்று பேச்சு வந்தது. பெரியவன் இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது, இலையைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் மொதப் பாலையும் ரெண்டாம் பாலையும் ஒரே ஏனத்துல ஊத்திட்டேன்" என்றான். எல்லோரும் கை நிறுத்தினோம். என் மனைவி, "சரி, அடுத்த தடவ ஏனத்துல பேப்பர் ஒட்டி எழுதி வச்சுக்கோ" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. பிறகு மூன்று ஏனத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டினான். அந்தப் பேப்பர் கழுவக் கழுவக் கிழிந்தும் போனது.

சீட்டு அண்ணாச்சியிடம் நான் பொய் சொன்னதும் பையன் பொய் சொன்னதும் இந்தச் சொதிக்கு முன்னால் நடந்தவை. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தானாக வந்து ஒத்துக்கொண்டால் அன்றைக்குத் திட்டு கிடையாது. நஷ்டம் என்றால் சரிசெய்ய வேண்டும், பாத்திரம் உடைந்தால் பெருக்க வேண்டும், ஆனால் பேச்சுக் கிடையாது. உண்மைக்கு விலை அதிகமாக இருந்தால் பிள்ளை கணக்குப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். நான் பார்க்கவில்லையா என்ன, சீட்டுப் பணத்துக்கு?

ஆம்பளைப் பிள்ளை தேங்காய் பிழிவதில் ஆச்சிக்கு முதலில் சம்மதமில்லை. "நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக" என்று மருமகளைத்தான் கேட்டாள், என்னைக் கேட்கவில்லை. அம்மாவிடம் எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது, பிள்ளைகள் முன்னால் பேசவும் கூடாது. அன்றைக்கு முழுக்க எச்சில் பாத்திரத்தை நானே கழுவினேன், தெருவில் தெரிகிற மாதிரி வாசல் திண்ணைப் பக்கம் உட்கார்ந்து. இப்போது, "ஏய்யா, இன்னைக்குப் பால் கெட்டியா வந்துருக்கா?" என்று பேரனைத்தான் கேட்கிறாள்.

பரிமாறுவது சின்னவள் வேலை. பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிட வேண்டும். முருங்கைக்காய்த் துண்டு எத்தனை, ஆள் எத்தனை என்று அவள் கணக்குப் போடுவதைப் பார்க்க வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் அள்ளிப் போட்டுவிட்டுத் தனக்கு ஒன்றும் இல்லாமல் நின்றாள். அடுத்த தடவை தனக்கு நாலு எடுத்து வைத்துவிட்டு அண்ணனுக்கு ஒன்று. மூன்றாவது வாரம் சரியாக வந்தது. நடுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணன் போட்ட சத்தத்தைத் தவிர.

வீட்டை விட்டு வெளியே

வருஷத்துக்கு ஒரு தடவை கூந்தன்குளம் போவோம். நாங்குநேரிப் பக்கம் இருக்கிற பறவைகள் சரணாலயம். டிசம்பர், ஜனவரியில் வரத் தொடங்குகிற பறவைகள் குஞ்சு பொரித்துக் கோடை வரைக்கும் இருக்கும். குளத்தில் மட்டுமில்லை, ஊருக்குள்ளே வீட்டு வாசல் மரத்திலும் கூடு கட்டியிருக்கும். வாசலெல்லாம் எச்சம், நாற்றம் வேறு. அந்த ஊர்க்காரர்கள் அதைச் சகித்துக்கொள்கிறார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. அங்கே ஒரு பையனோடு நின்று பேசும்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. "நெசமாவே ஒரு வெடிகூட இல்லையா? பக்கத்து ஊர்ல போடும்போது உனக்கு ஆசையா இருக்காதா?" என்று கேட்டாள். அவன், "இருக்கும்" என்றான். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆசை இல்லாதவர்கள் விட்டுக்கொடுப்பதில் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் அதற்காக வெடி நின்றுவிடவில்லை. ஆனால் தெருவில் பக்கத்து வீட்டில் கைப்பிள்ளை இருப்பதால் அந்த வருஷம் இவர்களாகவே வெடியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

தாமிரபரணிக்குக் குளிக்கப் போனால் ஷாம்பு பாக்கெட், சோப்பு உறை எதையும் படித்துறையில் விடக் கூடாது. கொண்டுபோன பையிலேயே திரும்ப வரும். பெரிதாக இதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. ஆறு கரை புரண்டு, திருநெல்வேலியில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வெள்ளம். எங்கள் தெருவில் சேர்ந்து புளிச்சாதம் கிண்டிப் பொட்டலம் கட்டினோம். பிள்ளைகள் எல்லாம் வாழை இலை துடைக்க உட்கார்ந்தார்கள். அப்போது ஒரு பையன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தான். கொடுக்கும்போதும் எடுக்கலாம் என்று பெரியவனும் தயாரானான். நான் ஒன்றுதான் சொன்னேன்: "ரேஷன் கடையில ஆச்சி வரிசைல நிக்கும்போது யாராவது போட்டோ எடுத்தா உனக்கு எப்படி இருக்கும்?" போனை உள்ளே வைத்துவிட்டான். பிள்ளையைத் தானம் செய்யப் பழக்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசி, "சாப்புட்டீங்களா" என்று கேட்டுக் கொடுக்கப் பழக்கினால் போதும்.

முரண்டு பிடிக்கும்போது

பதின்மூன்று வயசானதும் பெரியவன் ஒருநாள், "எல்லா வேலையும் எனக்குத்தானா? நீங்க என்ன செய்யுதீங்க?" என்று கேட்டான். சுருக்கென்று வந்தது. எதிர்த்துப் பேசுகிறான் என்று ஆச்சி சத்தம் போட்டாள். ஆனால் கேள்வி சரிதான். வீட்டில் இருக்கிற நாளில் நான் பேப்பர் படிப்பது அவனுக்குத் தெரியும்.

அதிலிருந்து சீட்டுக் குலுக்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டு வேலைகளைத் துண்டுத் தாளில் எழுதி, ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியில் போட்டு, ஆளுக்கு இரண்டு எடுக்க வேண்டும். ஆச்சிக்கு மட்டும் விலக்கு. ஆனால் அவளே கையை விட்டு ஒன்று எடுத்துக்கொள்கிறாள். கக்கூஸ் கழுவுவது, தண்ணீர், பாத்திரம், கடை, துணி மடிப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அதில் இருக்கும். பிடிக்காத வேலை வந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எதிராளி சம்மதிக்க வேண்டும். செய்யாமல் விட்டால் தண்ணீர்க் கதைதான். பையன் முணுமுணுப்பை நிறுத்தவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. அவன் எடுத்த முதல் சீட்டில் கக்கூஸ் வந்தது. இரண்டாவது வாரம் எனக்கு வந்தது. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இந்த வாரம் எனக்கு வந்திருப்பது தண்ணீர் முறை. நாளைக் காலை நாலரைக்கே நான் டூட்டிக்குக் கிளம்ப வேண்டும், தண்ணீர் வருவதோ ஆறு மணிக்கு. சின்னவளிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். பாத்திரம் கழுவுவதற்குப் பதிலாக என்றால் சரி என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, சொதி வைத்த பெரிய ஏனம் மட்டும் இரண்டு நாளைக்குச் சேர்த்து என் கணக்கில் என்றாள். ஒத்துக்கொண்டிருக்கிறேன்.